முகப்புப் பக்கத்தில் கண் முதலில் எங்கே விழ வேண்டும்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக இணையதளம் அமைக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வண்ணத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீலமா பச்சையா, எந்த எழுத்துரு, லோகோ எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பேசிப் பேசியே நாட்கள் ஓடிவிடுகின்றன. யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: வண்ணம் கடைசியில் வரட்டும், முதலில் வரிசையைத் தீர்மானியுங்கள். பக்கத்தைத் திறப்பவரின் கண் எதை முதலில் பார்க்க வேண்டும், அங்கிருந்து எங்கே போக வேண்டும், எதைக் கடைசியில் பார்த்தால் போதும்? ஓவியர்களும் புகைப்படக் கலைஞர்களும் அச்சுப் பக்கம் வடிவமைப்பவர்களும் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் அமைப்பு விதிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவிகள்தான்.

இதில் அவசரமும் இருக்கிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்ட் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இணையப் பக்கங்களை வெறும் 50 மில்லி விநாடி மட்டும் காட்டிவிட்டு, பார்க்க எப்படி இருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். அந்த மதிப்பீடு, 500 மில்லி விநாடி காட்டியபோது கிடைத்த மதிப்பீட்டோடு பெரிதும் ஒத்துப்போனது. 50 மில்லி விநாடியில் யாராலும் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது. கண்ணில் படுவது திட்டுகளும் இடைவெளிகளும் மட்டுமே. அந்தத் திட்டுகளை எப்படி அடுக்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டாக ஒரு சிறு நூலகத்தின் முகப்புப் பக்கத்தை வைத்துக்கொள்வோம். உங்களுடையது வேறு எதுவானாலும் முறை இதுவே.

1. வருகிறவரின் கேள்விகளை எழுதி எண் இடுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தாளில், இந்தப் பக்கத்துக்கு வருகிறவர் என்ன தெரிந்துகொள்ள வருகிறார் என்று எழுதுங்கள். நூலகம் என்றால்: இன்று திறந்திருக்கிறதா? நான் தேடும் புத்தகம் இருக்கிறதா? உறுப்பினர் ஆவது எப்படி? எங்கே இருக்கிறது? அதன் கீழே, நூலகத்தை நடத்துபவர்கள் காட்ட விரும்புவதை எழுதுங்கள்: வரவேற்புரை, கட்டடத்தின் படம், வரலாறு, விழாச் செய்திகள்.

இப்போது எல்லாவற்றுக்கும் 1, 2, 3 என்று எண் இடுங்கள். ஒரே எண்ணை இரண்டுக்குக் கொடுக்கக் கூடாது. இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான், ஏனென்றால் இது மனிதர்கள் சம்பந்தப்பட்டது. வரவேற்புரை ஏழாவது இடத்துக்குப் போகிறது என்று யாராவது ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்த வாக்குவாதத்தை இங்கே தவிர்த்தால் பிறகு பக்கம் முழுவதும் அது தெரியும். எல்லாமே முக்கியம் என்று கத்தும் பக்கங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

நம் நூலகத்துக்கு நான் வைக்கும் வரிசை: புத்தகத் தேடல், இன்றைய நேரம், உறுப்பினர் சேர்க்கை, முகவரி, செய்திகள், வரலாறு, வரவேற்புரை.

2. கைப்பேசித் திரையில் தொடங்குங்கள்

தாளில் ஓர் ஒடுங்கிய செவ்வகம் வரையுங்கள். கைப்பேசித் திரைகளின் அகலம் பெரும்பாலும் 360 முதல் 430 பிக்சல் வரை இருக்கும். அந்த அகலத்தில் பக்கவாட்டில் எதையும் ஒளித்துவைக்க முடியாது. ஒன்றின் கீழ் ஒன்றாகத்தான் வைக்க வேண்டும். ஆகவே நீங்கள் போட்ட எண் வரிசை உண்மையானதா என்று அந்த ஒற்றை வரிசை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் முறைக்கு ஈதன் மார்கோட் 2010-இல் பெயரிட்டு விளக்கம் தந்த பிறகு அதுவே எங்கும் வழக்கமாகிவிட்டது. ஆனாலும் அகலத் திரையில் அழகாக வரைந்துவிட்டுப் பிறகு கைப்பேசிக்குச் சுருக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படிச் சுருக்கும்போது வலப்பக்கம் இருந்ததெல்லாம் அடியில் போய் விழுகிறது. நூலகத்தின் திறப்பு நேரம் வலது ஓரத்தில் இருந்தால், கைப்பேசியில் அது ஐந்து திரை தாண்டிக் கிடக்கும். சிறிய திரையில் வரிசையை உறுதி செய்துவிட்டுப் பெரிய திரைக்கு விரிப்பதே பாதுகாப்பான வழி.

இந்தக் கட்டத்தில் சாம்பல் நிறப் பெட்டிகள் மட்டும் போதும். எதற்கு எவ்வளவு இடம் என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

3. கட்டம் போடுங்கள்

யோசப் முல்லர்-புரோக்மன் போன்ற சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சுக்காகச் செம்மைப்படுத்திய கட்ட முறை, இன்று இணையப் பக்கத்துக்கும் அடித்தளமாக இருக்கிறது. அகலத்தைச் சம அளவுள்ள நெடுவரிசைகளாகப் பிரித்துவிட்டு, எதை வைத்தாலும் அவற்றின் விளிம்புகளில் பொருந்துமாறு வைப்பதுதான் முறை.

பெரிய திரைக்கு 12 நெடுவரிசை வைப்பது வழக்கம். 12-ஐ 2, 3, 4, 6 ஆகிய நான்காலும் மீதியின்றி வகுக்கலாம் என்பதே காரணம். உள்ளடக்கத்தின் அகலம் 1200 பிக்சல், நெடுவரிசைகளுக்கு இடையே 24 பிக்சல் என்று வைத்தால் ஒவ்வொன்றும் 78 பிக்சல் வரும். நூலகப் பக்கத்தின் முதல் திரையை 7-க்கு 5 என்று பிரிக்கலாம்: இடப்பக்கம் 690 பிக்சலில் தலைப்பும் தேடல் பெட்டியும், வலப்பக்கம் 486 பிக்சலில் இன்றைய நேரமும் முகவரியும். கைப்பேசிக்கு 4 நெடுவரிசை போதும். அங்கே இரண்டு பகுதிகளும் முழு அகலத்தை எடுத்துக்கொண்டு ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் கிரிட் என்ற வசதி 2017-இல் முக்கிய உலாவிகளில் வந்துவிட்டதால், இதைக் குறிமுறையில் எழுதுவது இப்போது சில வரிகளில் முடிகிற வேலை.

சரிபாதியாகப் பிரித்தால் இரு பக்கமும் சம உரிமை கேட்கும்; கண் எங்கே போவது என்று தயங்கும். 1.618 என்ற பொன் விகிதத்தைப் பிடித்துக்கொண்டு அளவெடுப்பவர்களும் உண்டு. அது கட்டாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இரண்டு பகுதிகளில் எது பெரிது என்று பார்த்தவுடன் தெரிந்தால் விகிதம் தன் வேலையைச் செய்துவிட்டது.

4. எடை பார்த்து வையுங்கள்

கண்ணை இழுக்கும் ஆற்றலை எடை என்று வைத்துக்கொள்வோம். பெரியது, அடர்ந்தது, சுற்றிலும் வெற்றிடம் உள்ளது, மனித முகம் உள்ளது, அசைவது ஆகிய எல்லாவற்றுக்கும் எடை அதிகம். ஒரே மாதிரியானவற்றின் நடுவே வேறுபட்டு நிற்பது எளிதாக நினைவில் தங்குகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் 1933-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். வேறுபட்டு நிற்பது ஒன்றாக இருக்கும் வரைதான் அது வேலை செய்யும். மூன்று பொத்தான்களுக்கும் அடர் நிறம் பூசினால் மூன்றும் சாதாரணமாகிவிடும்.

நூலகப் பக்கத்தின் முதல் திரையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதல் வரைவு இப்படி இருந்தது என்று கொள்ளுங்கள்: மேலே 120 பிக்சல் உயர லோகோ, அதன் கீழே அகலம் முழுவதும் கட்டடப் படம், படத்தின் மேல் "எங்கள் நூலகத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று 56 பிக்சல் எழுத்து, அடியில் ஒரே அளவில் நான்கு பொத்தான்கள், தேடல் பெட்டி மெனுவின் மூலையில் ஒரு சிறு சின்னமாக. எடையை எண்ணிப் பாருங்கள். முதல் இடம் வரவேற்புக்கு, இரண்டாம் இடம் கட்டடத்துக்கு. நம் பட்டியலில் முதலாவதாக இருந்த தேடலுக்கு எடையே இல்லை.

திருத்தம் இது. லோகோ 40 பிக்சலாகச் சுருங்கி இட மூலையில் நிற்கட்டும். தலைப்பு "புத்தகம் தேடுங்கள்" என்று 40 பிக்சலில். அதன் கீழே 56 பிக்சல் உயரத்தில், இடப்பகுதியின் அகலம் முழுவதையும் பிடித்த தேடல் பெட்டி, அதோடு ஒட்டிய அடர்நிறப் பொத்தான். வலப்பக்கம் 28 பிக்சலில் "இன்று மாலை 7 மணி வரை", அதன் கீழே 16 பிக்சலில் முகவரி. உறுப்பினர் சேர்க்கைக்குக் கோடு மட்டும் போட்ட, உள்ளே நிறமில்லாத பொத்தான். நான்கே எழுத்தளவு வைத்துக்கொண்டால் போதும்: 16, 20, 28, 40. அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே வித்தியாசம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். 18-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் வரிசை என்று புரிந்துகொள்வதில்லை, கைப்பிழை என்றுதான் நினைப்பார்கள்.

படம் வேண்டுமென்றால் வைக்கலாம். ஆனால் எடுக்கும்போதே இடம் விட்டு எடுத்த படமாக இருக்கட்டும். படத்தின் சட்டத்தை மூன்று சம பங்காகப் பிரித்துப் பொருளை ஓரக் கோட்டில் வைக்கும் விதி, 1797-இல் ஆங்கில ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் எழுதிய காலத்திலிருந்து புழங்குகிறது. பக்கம் அமைப்பவருக்கு அது இன்னொரு வகையிலும் உதவுகிறது: மீதி இரண்டு பங்கில் எழுத்து நிற்க இடம் கிடைக்கிறது. படத்தில் ஆள் இருந்தால் அவர் பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். அவர் தேடல் பெட்டியின் பக்கம் பார்த்தால் பார்ப்பவரின் கண்ணும் அங்கே போகும். திரைக்கு வெளியே பார்த்தால் கண்ணும் வெளியேறப் பார்க்கும்.

5. சேர்ந்தவற்றைச் சேர்த்து வையுங்கள்

அருகருகே இருப்பவற்றை மனம் ஒரே குழுவாக எடுத்துக்கொள்கிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் வெளியிட்ட கட்டுரையில் வெறும் புள்ளிகளை வைத்தே இதை விளக்கினார்: சம இடைவெளியில் இருந்தால் ஒரு வரிசை, இரண்டிரண்டாக நெருங்கினால் ஜோடிகள். கோடு வேண்டாம், பெட்டி வேண்டாம், இடைவெளி ஒன்றே போதும். புதியவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் விதி இதுதான் என்றாலும், எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவதும் இதுவே என்பேன்.

செய்முறை எளிது. 8, 16, 24, 48, 96 என்று ஐந்து இடைவெளிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எண் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. தலைப்புக்கும் அதன் விளக்கத்துக்கும் இடையே 8 அல்லது 16. ஒரு குழுவுக்குள் இருக்கும் இரண்டு உருப்படிகளுக்கு இடையே 24. ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்க 96, கைப்பேசியில் 48. குழுவுக்கு உள்ளே உள்ள இடைவெளி எப்போதும் வெளியே உள்ளதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பக்கம் தெளிந்துவிடும்.

அடிக்கடி கண்ணில் படும் பிழை ஒன்று. "புதிய வரவுகள்" என்ற தலைப்பின் மேலே 40, கீழேயும் 40 பிக்சல். அந்தத் தலைப்பு மேலே முடிந்த பகுதிக்குச் சொந்தமா, கீழே தொடங்கும் பகுதிக்குச் சொந்தமா என்று ஒவ்வொருவரும் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மேலே 96, கீழே 16 என்று மாற்றினால் யோசனைக்கே வேலை இல்லை. அதுபோல நேரம் ஒரு மூலையிலும் தொலைபேசி எண் அடிக்குறிப்பிலும் முகவரி வேறொரு பக்கத்திலும் சிதறிக் கிடப்பதை ஓர் இடத்தில் கூட்டி வையுங்கள். நூலகத்துக்குக் கிளம்பும் ஒருவருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தேவைப்படும்.

வெற்றிடத்தைக் கண்டு பயப்படுபவர்கள் இந்தக் கட்டத்தில் குறுக்கே வருவார்கள். "இங்கே காலியாக இருக்கிறதே, எதையாவது போடலாமே" என்பார்கள். அந்தக் காலியிடம்தான் தேடல் பெட்டியைக் கண்ணுக்குக் காட்டுகிறது என்று பொறுமையாக விளக்குங்கள்.

6. விளிம்புகளை எண்ணுங்கள்

பக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு எழுத்துத் தொகுதியின் இட விளிம்பிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுங்கள். மூன்று, நான்கு கோடுகள் வந்தால் நல்லது. ஒன்பது, பத்து வந்தால் பக்கம் அலைபாய்கிறது. எல்லாவற்றையும் நடுவில் நிறுத்துவது புதியவர்களுக்குப் பிடித்த வழி, பாதுகாப்பாகத் தோன்றும். ஒரு குறுந்தலைப்புக்கு அது பொருந்தும். மூன்று வரிக்கு மேல் போகும் பத்தியை நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு வரியும் வேறு வேறு இடத்தில் தொடங்கும், கண் ஒவ்வொரு முறையும் வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டியிருக்கும். இடப்பக்கம் சேர்த்துவிடுங்கள்.

கணக்குப்படி சரியாக இருப்பது சில இடங்களில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. காணொளியை ஓட்ட வட்டத்துக்குள் வைக்கும் முக்கோணக் குறியைச் சரிநடுவில் வைத்தால் இடப்பக்கம் ஒதுங்கியதுபோல் தோன்றும். அதைச் சற்றே வலப்பக்கம் தள்ள வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் அளவுகோலை விட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள்.

7. தமிழ் எழுத்துக்கு இடம் கொடுங்கள்

ஆயத்தமாகக் கிடைக்கும் பக்க வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளை வைத்து வரையப்பட்டவை. அவற்றில் தமிழை ஊற்றினால் அமைப்பு குலைகிறது. நம் சொற்கள் நீளமானவை. "உறுப்பினர்களுக்கான" என்ற ஒரு சொல் 40 பிக்சல் தடித்த எழுத்தில் கைப்பேசியின் அகலத்தையே தாண்டிவிடும். ஆகவே கைப்பேசியில் தலைப்பை 28-க்கு இறக்குங்கள். கொம்பும் சுழியும் எழுத்தின் மேலும் கீழும் நீள்வதால் வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.5 மடங்கு போதாது, பத்திகளுக்கு 1.7 மடங்கு வைத்துப் பாருங்கள். மெனுவில் ஆறு சொல் வைக்கும் இடத்தில் நான்கு வைக்க வேண்டியிருக்கும். அதுவும் நல்லதுக்குத்தான்.

சொல் வரிசையும் அமைப்பின் பகுதியே. 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து இணையப் பயன்பாட்டை ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, மக்கள் இணையப் பக்கத்தை மேலே இரண்டு முறை குறுக்காகவும் பிறகு இட ஓரத்தில் கீழ்நோக்கியும் மேய்கிறார்கள். அந்தத் தடம் ஆங்கில எழுத்தான எஃப் போல இருந்தது. இதைப் பார்த்துப் பக்கத்தையே அந்த வடிவில் அமைக்க வேண்டும் என்று சிலர் சொல்வது தவறான பாடம். வழிகாட்டும் தலைப்புகளும் இடைவெளிகளும் இல்லாத எழுத்துத் திரளில்தான் கண் அப்படி மேய்கிறது. நமக்கு வேண்டிய பாடம் வேறு: ஒவ்வொரு தலைப்பிலும் முதல் இரண்டு சொற்களே பார்க்கப்படுகின்றன. "எங்கள் நூலகம் வழங்கும் உறுப்பினர் வசதிகள்" என்றால் முதல் இரண்டு சொல்லும் வீண். "உறுப்பினர் வசதிகள்" போதும்.

8. கீழே உள்ள பகுதிகள்

முதல் திரை சரியாக அமைந்துவிட்டால் மற்றவை வேகமாக நடக்கும். செய்திகளை ஒரே அமைப்புள்ள அட்டைகளாக அடுக்குங்கள்: மேலே படம், பிறகு தலைப்பு, பிறகு தேதி. அமைப்பு திரும்பத் திரும்ப வந்தால் படிப்பவர் ஒருமுறை கற்றுக்கொண்டதை வைத்தே மீதியைப் பார்த்துவிடுவார். மூன்றில் ஒன்று முக்கியமானால் அதற்கு 6 நெடுவரிசையும் மற்ற இரண்டுக்கும் மும்மூன்றும் கொடுங்கள்.

தானாக நகரும் படவரிசையை வைக்காதீர்கள். எதை முதலில் காட்டுவது என்று முடிவெடுக்க முடியாதபோது வைக்கப்படுவது அது. முதல் படத்துக்குப் பின்னால் இருப்பதை யார் பார்ப்பார்கள் என்று உறுதி இல்லை. மேலும், விளம்பரம்போல் தோன்றும் பட்டைகளைக் கண் தாண்டிப்போகப் பழகிவிட்டது. ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்வே, லேன் இருவரும் 1998-லேயே இதைக் கவனித்து எழுதினார்கள்: தேடி வந்த தகவலே பெரிய, பளிச்சென்ற பட்டையில் இருந்தும் மக்கள் அதைப் பார்க்கத் தவறினார்கள்.

9. இப்போது வண்ணம்

சாம்பல் பெட்டிகளில் வரிசை சரியாகத் தெரிந்தால் மட்டும் வண்ணத்துக்கு வாருங்கள். ஒரே ஒரு அழுத்தமான நிறம். அது அழுத்தக்கூடியவற்றுக்கு மட்டும். அலங்காரக் கோட்டுக்கும் அதே நிறத்தைப் பூசினால் எது பொத்தான் என்ற குறிப்பு போய்விடும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாட்டை அளந்து பாருங்கள். பார்வை குறைந்தவர்களும் படிக்கும்படி வகுத்த இணைய அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கின்றன. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் 4.54:1 தருகிறது, அதைவிட வெளிறிய சாம்பலில் பத்தி எழுதினால் விதி மீறல்தான். படத்தின் மேல் எழுத்து வைப்பவர்கள், படத்தின் மிக வெளிச்சமான இடத்தில் எழுத்து விழும்போது படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் எழுத்தைப் படத்துக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

10. மங்கலாக்கிப் பாருங்கள், பிறகு காட்டுங்கள்

திரையிலிருந்து தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், அல்லது பக்கத்தின் படத்தை எடுத்து மங்கலாக்குங்கள். எழுத்துகள் மறைந்து திட்டுகள் மட்டும் தெரியும். எந்தத் திட்டு முதலில் தெரிகிறது? தாளில் 1 என்று எண் இட்டதுதானா?

அடுத்து, மெதுவான இணைப்பில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். படம் தாமதமாக வந்து மற்றவற்றைக் கீழே தள்ளினால், நீங்கள் அமைத்ததெல்லாம் அந்த நேரத்தில் குலைந்துபோகிறது. ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தையும் உயரத்தையும் குறிமுறையிலேயே எழுதிவிட்டால் இடம் முன்பே ஒதுக்கப்படும். இந்தக் குதிப்பை அளக்கக் கூகுள் வைத்திருக்கும் அளவுகோலில் 0.1 அல்லது அதற்குக் கீழே இருப்பதே நல்லது. கைப்பேசியில் பொத்தான்கள் விரலுக்கு அகப்படுகின்றனவா என்றும் பாருங்கள். ஆப்பிள் 44, கூகுள் 48 என்ற உயரத்தைப் பரிந்துரைக்கின்றன; நான் 48-ஐயே வைப்பேன்.

கடைசியாக, இந்தப் பக்கத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் ஐந்து விநாடி காட்டிவிட்டுத் திரையை மூடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "என்ன பார்த்தீர்கள், எந்த வரிசையில்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வரிசையை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கட்டடப் படத்தை முதலில் சொன்னால், தேடல் பெட்டியைப் பெரிதாக்க ஓடாதீர்கள். படத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது கீழே இறக்குங்கள். திருத்திய பிறகு வேறொருவரிடம் காட்டுங்கள். முதலில் பார்த்தவருக்குத் தேடல் பெட்டி எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.